ரீமேட்ச் ஒன்றை எப்படிப் பார்ப்பது: ப்ரோமோவும் ஊர்ப் பகையும், புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரெஸ்லிங் பார்க்கத் தொடங்கும் பலரும், யாராவது மைக்கைப் பிடித்தால் போதும், வீடியோவை ஓட்டிவிடுகிறார்கள். சண்டை பார்க்க உட்கார்ந்தவர்களுக்குப் பேச்சு இடைஞ்சலாகத் தெரிவது இயல்புதான். ஆனால் அந்தப் பேச்சை, அதாவது ப்ரோமோவை, விட்டுவிட்டால் பாதிக் கதை கைநழுவிப் போய்விடும். ஏற்கெனவே மோதியவர்களே மறுபடி மோதும் ரீமேட்ச் என்றால் முக்கால்வாசிக் கதை போய்விடும். முதல் முறை டிக்கெட் வாங்கியவருக்கு யார் ஜெயிப்பார் என்ற ஆவல் இருந்தது. விடை தெரிந்த பிறகும் அவரை அரங்கத்துக்கு மறுபடி வரவழைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மைக்தான்.

பார்ப்பதற்கு ஒரு முறையைச் சொல்லித் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின் இருவரின் பகை. 1996 நவம்பரிலிருந்து 1997 ஜூலை வரை, இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் இருந்த காலத்தில் நடந்தது. ரீமேட்சை எப்படிக் கட்டுவது, அதில் ஊரை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. நடுவில் மெம்ஃபிஸுக்கும் டாலஸுக்கும் ஒரு நடை போய் வருவோம்.

உள்ளே நுழையும் முன் சில சொற்கள். முடிவுகள் முன்பே தீர்மானிக்கப்பட்டவை, இது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் ஆதரிக்க வேண்டிய ஆள் ஃபேஸ், வெறுக்க வேண்டிய ஆள் ஹீல். ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவினால் டர்ன். ஹீல் சம்பாதிக்கும் வெறுப்புக்கு ஹீட் என்று பெயர். இவ்வளவு போதும், மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

கையில் ஒரு தாளும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். போன தடவை என்ன மிச்சம் வைத்தார்கள்? இந்தத் தடவை என்ன மாறியிருக்கிறது? இதில் கூட்டத்துக்கு என்ன பங்கு? ஒவ்வொரு ப்ரோமோ முடிந்ததும் இந்த மூன்றுக்கும் விடை கிடைத்ததா என்று பாருங்கள். ஒன்றுக்குக்கூட விடை இல்லையென்றால் அந்தப் பேச்சு எவ்வளவு சத்தமாக இருந்தாலும் வீண்.

முதல் படி: முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள்

ரீமேட்சின் விதை முந்தைய ஆட்டத்தின் முடிவில் இருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

பின்னணி இதுதான். 1996 மார்ச் 31 அன்று ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழந்த பிரெட் ஹார்ட், அதன்பின் பல மாதங்கள் திரையில் இல்லை. அவர் இல்லாத நேரத்தில் ஆஸ்டின் எழுந்து வந்தார். 1996 ஜூன் 23 அன்று கிங் ஆஃப் தி ரிங் போட்டியை வென்றதும் அவர் பேசிய பேச்சில்தான் 'ஆஸ்டின் 3:16' என்ற வாசகம் பிறந்தது. பைபிள் வசனம் சொல்லும் பாத்திரத்தில் இருந்த ஜேக் ராபர்ட்ஸை அன்று தோற்கடித்துவிட்டு, யோவான் 3:16 என்ற வசன எண்ணைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். அப்புறம் வாராவாரம், ஊரில் இல்லாத பிரெட்டை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தார். அக்டோபர் 21 அன்று பிரெட் திரும்பிவந்து சவாலை ஏற்றார்.

முதல் மோதல் நவம்பர் 17, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில். கடைசி நிமிடத்தை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். ஆஸ்டின் பின்னாலிருந்து பிரெட்டின் கழுத்தைப் பூட்டிவிட்டார். பிரெட் மூலைத் தூணில் கால்களை ஊன்றி உந்தி, ஆஸ்டினோடு சேர்ந்து பின்பக்கமாகச் சாய்கிறார். ஆஸ்டினின் தோள்கள் தரையில். பிடி விடவில்லை. நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிடுகிறார். பிரெட் வென்றார்.

இந்த முடிவின் அழகைக் கவனியுங்கள். பிரெட் சுத்தமாகத்தான் ஜெயித்தார், ஏமாற்று ஒன்றும் இல்லை. அதே சமயம், எண்ணி முடிக்கும்வரை பிடி ஆஸ்டினின் கையில்தான் இருந்தது. அடித்து வீழ்த்தப்பட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. "நான் தப்பித்து ஜெயித்தேன்" என்று பிரெட்டுக்குச் சொல்ல உரிமை உண்டு, "நீ தப்பித்தாய், ஜெயிக்கவில்லை" என்று ஆஸ்டினுக்குச் சொல்லவும் உரிமை உண்டு. ஒரே முடிவிலிருந்து இரண்டு நியாயமான வாதங்கள் கிளம்புகின்றன. நல்ல ரீமேட்சுக்கு வேண்டியது இதுதான். ஒருவர் இன்னொருவரை நார்நாராகக் கிழித்துவிட்டால் மறுமுறை பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது.

இரண்டாம் படி: புகார் எப்படி வளர்கிறது என்று பின்தொடருங்கள்

1997 ஜனவரி 19, பலர் ஒரே ரிங்குக்குள் மோதும் ராயல் ரம்பிள் போட்டி. பிரெட் ஆஸ்டினை மேல் கயிற்றைத் தாண்டி வெளியே தள்ளிவிட்டார். விதிப்படி ஆஸ்டின் அவுட். ஆனால் நடுவர்கள் வேறு பக்கம் நடந்த அடிதடியை விலக்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. ஆஸ்டின் சத்தமில்லாமல் உள்ளே ஏறி, பிரெட்டையே வெளியே தள்ளி, போட்டியை வென்றுவிட்டார்.

பிப்ரவரி 16 அன்று பிரெட் மறுபடி சாம்பியன் ஆனார். மறுநாளே ஆஸ்டின் குறுக்கே வந்ததால் சிட் என்பவரிடம் பட்டம் போனது. மார்ச் 17 அன்று பிரெட் சிட்டோடு இரும்புக் கூண்டுக்குள் மோதினார். இந்த முறை அண்டர்டேக்கர் கூண்டுக் கதவை அவர் மேல் அறைந்தார். மறுபடி தோல்வி. அப்போதுதான் நிறுவன முதலாளியும் வர்ணனையாளருமான வின்ஸ் மக்மஹோனைப் பிரெட் கீழே தள்ளிவிட்டு, தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத வார்த்தைகளோடு கொட்டித் தீர்த்தார்.

இந்தப் பேச்சைக் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள். அதுவரை பிரெட் ஹார்ட் நிதானமானவர். குழந்தைகளுக்குத் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மோதப் போகிறவர். அப்படிப்பட்டவர் வாய் கொதித்துப் பேசும்போது, பேச்சில் இருப்பது ஒரே விஷயம்: எனக்கு அநியாயம் நடக்கிறது, யாருமே கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. ரம்பிளில் அநியாயம்தான் நடந்தது. பட்டம் பறிபோனதும் அநியாயம்தான். ஆனாலும் வாரக்கணக்கில் ஒருவர் புலம்பிக்கொண்டே இருந்தால் கூட்டத்துக்குச் சலிப்பு வருகிறது. இன்னொரு பக்கம் ஆஸ்டின் எதற்கும் புலம்புவதில்லை. அடி வாங்கினாலும் எழுந்து நடுவிரலைக் காட்டிவிட்டுப் போகிறார். மெல்ல மெல்லக் கூட்டம் அவர் பக்கம் சாய்கிறது.

புதியவர்கள் இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மிகச் சிறந்த ஹீல் தன்னைக் கெட்டவன் என்று நினைப்பதில்லை. அவரிடம் ஒரு நியாயம் இருக்கும், அதை அவர் முழு மனதோடு நம்புவார். நம் பொறுமையைச் சோதிப்பது அவர் சொல்லும் விதம், சொல்லும் விஷயம் அல்ல. பிரெட்டின் அந்த மாதங்களின் ப்ரோமோக்களை வரிசையாகக் கேட்டால், எந்த இடத்தில் நீங்களே அவர்மேல் பொறுமை இழக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

ரீமேட்சுக்குப் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும். கூண்டு, சங்கிலி, தோற்றவர் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று பலவிதம். புதியவர்கள் இதை வெறும் பரபரப்பு என்று கடந்துவிடுவார்கள். நல்ல நிபந்தனை முந்தைய முடிவுக்குப் பதிலாக இருக்கும்.

1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13. சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில் ஆட்டம். நிபந்தனை, சப்மிஷன்: மூன்று எண்ணுவது செல்லாது, வலி தாங்காமல் எதிராளி கைவிட வேண்டும். நவம்பரில் பிரச்சினையே அந்த மூன்று எண்ணிக்கைதானே? சரி, அதையே எடுத்துவிடுவோம், யார் கைவிடுகிறார் என்று பார்ப்போம். முதல் ஆட்டம் எழுப்பிய கேள்விக்கு நேரான பதில் இது.

நடுவராகக் கென் ஷாம்ராக். கடைசியில் பிரெட், எதிராளியின் கால்களை முறுக்கும் தன் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழியும் ரத்தம் பல்வரை இறங்கியிருக்கிறது. கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு கணம் பிடியையே உடைத்துவிடுவார் போல இருக்கிறது. உடைக்க முடியவில்லை. ஆனால் கைவிடுகிறேன் என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்படியே மயங்கிப் போகிறார். ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார்.

அதற்குப் பிறகுதான் முக்கியம். வென்ற பிரெட், மயங்கிக் கிடப்பவரை மறுபடி அடிக்கப் போகிறார். ஷாம்ராக் இடுப்போடு பிடித்து அவரை இழுத்துப் போடுகிறார். பிரெட் வெளியேறும்போது ஏசல். ஆஸ்டின் உதவிக்கு வந்தவர்களை உதறிவிட்டுத் தானே நடந்து போகிறார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. உள்ளே வரும்போது ஃபேஸாக இருந்தவர் ஹீலாக வெளியேறுகிறார், ஹீல் ஃபேஸாக வெளியேறுகிறார். ஒரே ஆட்டத்தில் இருவரும் இடம் மாறினார்கள். இதைப் பார்க்கும்போது முதல் தடவை ரிங்கைப் பாருங்கள். இரண்டாம் தடவை முன்வரிசைக் கூட்டத்தை மட்டும் பாருங்கள்.

மிச்சமும் மறுபடி இருக்கிறது. பிரெட் இரண்டாவது முறையும் வென்றார். ஆஸ்டின் கைவிடவே இல்லை. அதாவது ஆஸ்டினின் வாதம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நான்காம் படி: ஊர் உள்ளே வரும் கணத்தைப் பிடியுங்கள்

மறுநாள், மார்ச் 24. வாராந்தரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ராவில் பிரெட் ஒரு நீண்ட பேச்சு பேசுகிறார். உலகெங்கும் உள்ள ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். அமெரிக்க ரசிகர்களிடம் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார். நான் மாறவில்லை, நீங்கள்தான் மாறிவிட்டீர்கள், கெட்டவனைக் கொண்டாடுகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பிரெட் கனடாவின் கால்கரி நகரத்துக்காரர். அப்பா ஸ்டூ ஹார்ட் அங்கே ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற நிறுவனத்தை நடத்தியவர், வீட்டு நிலவறையில் பல வீரர்களைப் பயிற்றுவித்தவர். ஆக, கனடா என்பது பிரெட்டுக்கு ஒட்டவைத்த அடையாளம் அல்ல. கதைக்குத் தேவைப்பட்டபோது எடுத்துப் பிரித்தார்கள், அவ்வளவுதான். அடுத்த சில வாரங்களில் தம்பி ஓவன், மைத்துனர்கள் பிரிட்டிஷ் புல்டாக், ஜிம் நைட்ஹார்ட், கூடவே பிரையன் பில்மன் என்று ஹார்ட் ஃபவுண்டேஷன் அணி திரண்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பேச்சு ஒன்றே, பலன் இரண்டு. அமெரிக்க நகரங்களில் அவர் கனடாக் கொடியோடு வந்தால் அரங்கமே கூச்சல் போட்டு விரட்டியது. எல்லையைத் தாண்டினால் அதே ஆள், அதே சொற்கள், ஊரே எழுந்து நின்று வரவேற்றது. வசனத்தை மாற்றவே இல்லை, அரங்கம்தான் மாறியது.

ஊரை இழுப்பதில் மலிவான வழியும் உண்டு. எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, உங்கள் ஊர் குப்பை, உங்கள் அணி தோற்றுப் போகும் என்று சொன்னால் போதும், கூச்சல் நிச்சயம். ரசிகர்கள் இதை 'சீப் ஹீட்' என்பார்கள். பிட்ஸ்பர்க்கில் பிரெட்டும் அந்த நகரத்தை மிக ஆபாசமாகத் திட்டினார், பயங்கர ஏசல் கிடைத்தது. ஆனால் அது வேலை செய்ததற்குக் காரணம், பின்னால் மாதக்கணக்கான வாதம் ஒன்று நின்றதுதான். வாதமே இல்லாமல் வெறும் திட்டு மட்டும் இருந்தால் அடுத்த ஊருக்குப் போகும்போது அது காலாவதியாகிவிடும். ஒரு ப்ரோமோவைக் கேட்டுவிட்டு, ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் இதில் ஏதாவது மிஞ்சுமா என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் மிஞ்சாவிட்டால் அது சீப் ஹீட்.

நடுவே ஒரு நடை: மெம்ஃபிஸ், 1982

ஊர்ப் பகையின் மூல வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸுக்குப் போக வேண்டும். அன்று அமெரிக்காவில் ரெஸ்லிங் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. மெம்ஃபிஸில் சனிக்கிழமை காலை உள்ளூர்த் தொலைக்காட்சியில் நேரலை, திங்கள் இரவு மிட்சவுத் கொலிசியத்தில் ஆட்டம். சனிக்கிழமை கோபப்படுத்தினால் திங்களன்று டிக்கெட் விற்கும். அதே அரங்கம், அதே வீரர்கள், அதே மக்கள், வாராவாரம். ஒவ்வொரு முடிவும் மிச்சம் வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. ரீமேட்ச் கலை அங்கே அவ்வளவு கூர்மையாக வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் காட்சி நடத்திய வட்டார நிறுவனங்களில், வீரர்கள் ஒரே நாளில் ஊர் ஊராகத் தனித்தனி ப்ரோமோ பதிவு செய்வார்கள். ஊர்ப் பெயர், அரங்கம், நாள், எதிராளி, எல்லாம் அதில் வர வேண்டும். பழைய ப்ரோமோக்களில் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்கும்போது எரிச்சல்படாதீர்கள். டிக்கெட் விற்ற வரிகள் அவைதான்.

இந்த மெம்ஃபிஸுக்கு ஆண்டி காஃப்மன் என்ற ஹாலிவுட் நகைச்சுவைக் கலைஞர் வந்தார். மேடைகளில் பெண்களோடு மல்யுத்தம் செய்து, தன்னை வெல்பவருக்கு 1000 டாலர் என்று அறிவித்துக்கொண்டிருந்தவர். உள்ளூர் நாயகன் ஜெர்ரி லாலர் குறுக்கே வந்தார். காஃப்மன் அனுப்பிய வீடியோக்களைப் பாருங்கள். கையில் ஒரு சோப்பு. இதன் பெயர் சோப்பு, இதைத் தண்ணீரோடு சேர்த்துக் கைகளில் தேய்க்க வேண்டும் என்று தென்மாநிலத்து மக்களுக்கு நிறுத்தி நிதானமாக வகுப்பெடுக்கிறார். கழிப்பறைக் காகிதத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. கத்தவே இல்லை. அக்கறையுள்ள ஆசிரியரின் குரல். அந்த நிதானம்தான் ஊரையே கொதிக்க வைத்தது. நம்மை நாகரிகம் தெரியாதவர்கள் என்று வெளியூர்க்காரன் நினைக்கிறான் என்ற பழைய காயத்தில் நேராகக் கை வைத்தார் அவர். லாலரை அவர் தொடவேண்டியதே இல்லை. ஊர் தானாக லாலர் பின்னால் போய் நின்றது.

அப்போது அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியவர் லான்ஸ் ரஸ்ஸல். இந்தக் காலத்து மெம்ஃபிஸ் ஒளிப்பதிவுகளைப் பார்க்கும்போது அவர் முகத்தை ஒரு கண் வைத்திருங்கள். ஹீல் அத்துமீறும்போது அந்த முகத்தில் வரும் சலிப்பும் சங்கடமும் அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களின் முகம்தான். ப்ரோமோவில் பேசுபவர் பாதி, பக்கத்தில் மைக் நீட்டுபவர் மீதி.

1982 ஏப்ரல் 5 அன்று ஆட்டம். லாலர் பைல்டிரைவர் போட்டு காஃப்மனின் தலையைத் தரையில் இறக்கினார். ஊர் கேட்டது கிடைத்தது. ஆனால் மெம்ஃபிஸ் விதிப்படி பைல்டிரைவர் தடைசெய்யப்பட்ட அடி. லாலர் தகுதிநீக்கம், வென்றவர் காஃப்மன்! கழுத்துப் பட்டையோடு மருத்துவமனையிலிருந்து வந்தவர் வெற்றியாளர் தானே என்று சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு சாமர்த்தியமான முடிவு பாருங்கள். மக்களுக்கு அடியின் திருப்தி, ஹீலுக்கு வெற்றியின் தெனாவட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காரணம், மூன்றும் ஒன்றாக.

ஜூலை 28 அன்று நியூயார்க்கில் டேவிட் லெட்டர்மனின் இரவு நிகழ்ச்சியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லாலர் ஓங்கி அறைந்து காஃப்மனை நாற்காலியிலிருந்து கீழே தள்ளினார், காஃப்மன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு லாலர் மேல் காபியை வீசினார். ஒரு நகரத்துச் சண்டை நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் இருவரும் சேர்ந்து திட்டமிட்டது என்று வெளியே தெரிந்தது 1984இல் காஃப்மன் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான்.

டாலஸைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1982 கிறிஸ்துமஸ் இரவு, ரியூனியன் அரங்கம். டெக்சஸின் செல்லப்பிள்ளை கெரி வான் எரிக், உலக சாம்பியன் ரிக் ஃப்ளேரோடு கூண்டுக்குள் மோதுகிறார். ஜார்ஜியாவிலிருந்து வந்த ஃபிரீபேர்ட்ஸ் குழுவின் மைக்கேல் ஹேய்ஸ் நடுவர் பொறுப்பில் உள்ளே, டெரி கோர்டி கூண்டு வாசலில். இருவரும் அதுவரை வான் எரிக் குடும்பத்தின் நண்பர்கள். ஹேய்ஸ் ஃப்ளேரை அடித்துப் போட்டு, பின் செய்துகொள், அதாவது தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணவை, என்கிறார். அப்படி ஒரு வெற்றி வேண்டாம் என்கிறார் கெரி. வாக்குவாதம் முற்றி, கோர்டி கூண்டுக் கதவைக் கெரியின் தலையில் அறைகிறார். டெக்சஸ் எதிர் ஜார்ஜியா என்று ஆண்டுக்கணக்கில் ஓடிய பகைக்கு அந்தக் கதவுதான் தொடக்கம். இங்கே இரண்டு ஊருக்கும் ஆள் இருந்தார்கள், காரணமும் இருந்தது: உதவி செய்ய வந்தவனை அவமதித்தாய் என்பது ஃபிரீபேர்ட்ஸ் தரப்பு.

ஐந்தாம் படி: கால்கரிக்குப் போங்கள்

பிரெட் கதைக்குத் திரும்புவோம். ஏப்ரல் 20 அன்று பிரெட்டும் ஆஸ்டினும் மறுபடி ஒற்றைக்கு ஒற்றை மோதினார்கள், புல்டாக் குறுக்கிட்டதால் ஆஸ்டினுக்குத் தகுதிநீக்க வெற்றி. இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. நேராக 1997 ஜூலை 6க்குப் போங்கள். இடம் கால்கரி, சாடில்டோம் அரங்கம். நிகழ்ச்சியின் பெயர் கனேடியன் ஸ்டாம்பீட். பத்துப் பேர் ஆட்டம்: ஒரு பக்கம் ஹார்ட் அணி ஐவர், மறுபக்கம் ஆஸ்டின், ஷாம்ராக், கோல்ட்டஸ்ட், லீஜன் ஆஃப் டூம் இருவர்.

முதலில் வீரர்கள் வரும் பகுதியை மட்டும் பாருங்கள். நான்கு மாதங்களாக அமெரிக்கா முழுக்கக் கொண்டாடிய ஆஸ்டின் உள்ளே வரும்போது ஏசல் காதைக் கிழிக்கிறது. அமெரிக்கா முழுக்க ஏசிய பிரெட் வரும்போது அரங்கம் அதிர்கிறது. அங்கே அமர்ந்திருந்தவர்களுக்கு அது தங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நடந்த அநியாயத்துக்கான கணக்குத் தீர்க்கும் நாள். அப்பா ஸ்டூவும் அம்மா ஹெலனும் ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் ஆஸ்டின் ரிங் ஓரத்தில் இருந்த ஹார்ட் குடும்பத்தாரோடு மல்லுக்கு நிற்க, அந்தக் குழப்பத்தில் ஓவன் அவரைச் சுருட்டிப் பின் செய்துவிடுகிறார். ஹார்ட் குடும்பம் முழுதும், குழந்தைகள் உட்பட, ரிங்குக்குள் ஏறுகிறது. ஆஸ்டின் நாற்காலியோடு திரும்பி வந்து தனியாக மோதப் பார்க்க, கைவிலங்கு மாட்டி இழுத்துப் போகிறார்கள். முதுகுக்குப் பின்னால் விலங்கிட்ட கையிலும் அந்த விரல் நீண்டிருக்கும், பார்க்கத் தவறாதீர்கள்.

யார் ஃபேஸ், யார் ஹீல் என்று அந்த இரவை வைத்துச் சொல்ல முடியாது. எந்த நாட்டில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஊர்ப் பகையை இதைவிட மேலே கொண்டுபோன ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் சம்மர்ஸ்லாமில் பிரெட் வைத்த பந்தயமும் ஊரை வைத்துத்தான்: தோற்றால் அமெரிக்க மண்ணில் இனி மோத மாட்டேன் என்றார். ஜெயித்துச் சாம்பியன் ஆனார். நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில் ஷான் மைக்கேல்ஸோடு ரீமேட்ச். நிறுவனத்தை விட்டுப் போகவிருந்த பிரெட், சொந்த நாட்டில் பட்டத்தை ஷானிடம் தோற்க மறுத்தார். அவருக்குத் தெரியாமல் முடிவை மாற்றி, அவர் கைவிடாதபோதே மணியை அடித்தார்கள். கதைக்காகக் கட்டிய ஊர்ப் பற்று கடைசியில் நிஜ மனிதர்களின் நிஜத் தகராறுக்குள் நுழைந்துவிட்டது. இதை மற்றதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பாருங்கள், முதலில் பார்த்தால் கனம் தெரியாது.

ஆறாம் படி: நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள்

பார்ப்பது கூர்மையாக வேண்டுமென்றால் ஒரு ப்ரோமோ எழுதிப் பார்ப்பதைப் போல உதவுவது வேறில்லை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நவம்பர் 1996 ஆட்டம் முடிந்த மறுவாரம், ஆஸ்டின் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "உன்னை உடைத்துவிடுவேன், நொறுக்கிவிடுவேன்" என்று தொடங்கினால் அது யாரும் யாரிடமும் சொல்லக்கூடியது. இப்படிப் பாருங்கள்: "நடுவர் மூணு எண்ணினப்போ உன் கழுத்து எங்க இருந்துச்சு? என் கையில. இன்னும் ரெண்டு நொடி எண்ணாம இருந்திருந்தா நீ தூங்கியிருப்ப. அது உனக்கும் தெரியும், அதனாலதான் வேகமா வெளிய ஓடின." இது அந்த ஆட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். கேட்பவர் மனதில் கடைசி நிமிடம் மறுபடி ஓடும்.

எதிராளியைச் செல்லாக்காசு என்று சொல்லாதீர்கள். செல்லாக்காசை வென்று என்ன பெருமை? தோற்றால் இன்னும் கேவலம். அவரிடம் உள்ள ஒரு பலத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு உங்களிடம் என்ன மருந்து இருக்கிறது என்று சொல்லுங்கள். ஊரைச் சேர்ப்பதாக இருந்தால் குறிப்பான ஒன்றை எடுங்கள்: சோப்பு போல, அப்பா நடத்திய நிறுவனம் போல. முடிக்கும்போது எங்கே, எப்போது என்று சொல்லி நிறுத்துங்கள். எழுதியதை உரக்கப் பேசிப் பாருங்கள். வாயில் தடுக்கும் சொல் எல்லாம் வெட்டப்பட வேண்டிய சொல். பிறகு அதே ஆட்டத்துக்குப் பிரெட் பக்கத்திலிருந்தும் ஒன்று எழுதுங்கள். இரண்டையும் படிக்கும் நண்பர் யார் பக்கம் நியாயம் என்று திணறினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

அடுத்து எதைப் பார்ப்பது

இவ்வளவும் முடித்தவர்களுக்குச் சி.எம். பங்க், ஜான் சீனா இருவரின் 2011 கோடைக்காலம். ஆட்டம் ஜூலை 17 அன்று, பங்கின் சொந்த ஊரான சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில். ஆஸ்டின் மயங்கி விழுந்த அதே கட்டடம்தான், பெயர் மட்டும் ஆல்ஸ்டேட் அரினா என்று மாறியிருந்தது. நிறுவனத்தின் முதன்மை நாயகன் சீனாவை ஊரே ஒன்றுதிரண்டு ஏசுவதைக் கேட்கலாம். ரீமேட்ச் ஆகஸ்ட் 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில். இரண்டு ஊரிலும் இருவரும் நுழையும் பகுதிகளை அடுத்தடுத்து ஓடவிட்டு, கூட்டத்தின் சத்தத்தை ஒப்பிடுங்கள்.

சமீபத்தியது வேண்டுமென்றால் கோடி ரோட்ஸ், ரோமன் ரெயின்ஸ்: 2023 ஏப்ரல் 2 அன்று தோல்வி, 2024 ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ரீமேட்ச். முதல் ஆட்டத்தில் சோலோ சிகோவா குறுக்கே வந்த கணத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த ஓராண்டுப் பேச்சில் அது எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று தேடுங்கள்.

பங்க் கதைக்குப் போகிறவர்கள் ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஜூன் 27 அன்று லாஸ் வேகஸில், மேடை விளிம்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மைக்கை அணைக்கும்வரை அவர் பேசிய பேச்சிலிருந்து தொடங்குங்கள்.